முழங்கால் லிகமென்ட் ஆபரேஷனுக்குப் பிறகு: எங்கள் நாய்களோடு நாங்கள் கடந்த வாரங்கள்

கருப்பன் அம்மா:

கருப்பனுக்கு நேற்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு யாராவது கலங்கிப்போய் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

கருப்பன் லேப்ரடார். நடுவயசு, நல்ல கனம். அவன் எங்கேயும் விழவில்லை, வண்டியில் அடிபடவில்லை. படுத்து எழுந்ததும் ஒரு பின்னங்காலை லேசாகத் தாங்குவான், கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். உட்காரும்போது அந்தக் காலை மட்டும் மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைப்பான். அப்புறம் ஒரு நாள், பந்தைக் கவ்விக்கொண்டு திரும்பியவன் காலைத் தூக்கினான். அதற்குப் பிறகு கீழே வைக்கவே இல்லை. டாக்டர் ஒரு கையால் தொடையையும் இன்னொரு கையால் கீழ்க்காலையும் பிடித்து அசைத்தபோது, கீழ் எலும்பு முன்பக்கமாக நழுவியது என் கண்ணுக்கே தெரிந்தது. முழங்காலில் எலும்புகளைப் பிணைத்துப் பிடிக்கிற நாரான லிகமென்ட் அறுந்துவிட்டது என்றார். நமக்கு விளையாடும்போது ஒரே நொடியில் அறுகிற அந்த லிகமென்ட், நாய்களுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக நார் நாராக நைந்து, கடைசியில் ஒரு சின்னத் திருப்பத்தில் அறுந்துபோகிறதாம்.

அவனுக்குச் செய்தது டி.பி.எல்.ஓ. என்கிற ஆபரேஷன். அது என்னவென்று முதலிலேயே புரிந்துகொண்டது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை பின்பக்கமாகச் சரிந்திருக்கும், சராசரியாக 25 டிகிரி. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பதுதான் லிகமென்ட்டின் வேலை. இந்த ஆபரேஷனில் அறுந்த லிகமென்ட்டைத் தைத்துச் சேர்ப்பதில்லை. எலும்பின் மேல்பகுதியை வளைவாக அறுத்து, சரிவு வெறும் 5 டிகிரியாகக் குறையும்படி திருப்பி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு (மெனிஸ்கஸ்) கிழிந்திருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துவிடுகிறார்கள்.

அதாவது வீட்டுக்கு வருவது எலும்பை அறுத்து நிறுத்தியிருக்கிற ஒரு நாய். எலும்பு கூட 8 முதல் 12 வாரம் பிடிக்கும். நாய்க்கு வலி போவதற்கு அத்தனை நாள் பிடிக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற காலம்தான் முழுக்க நம் பொறுப்பு.

முதல் ராத்திரி விடாமல் முனகினான். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்த மாதிரியே இல்லை. பயந்துபோய் டாக்டருக்குப் போன் போட்டோம். கடுமையான வலி மருந்தும் மயக்க மருந்தும் இறங்கும்போது சில நாய்கள் இப்படிக் குழம்பி அழும், மூச்சும் ஈறின் நிறமும் சரியாக இருந்தால் பக்கத்தில் இருந்து தட்டிக்கொடுங்கள் என்றார். விடியற்காலையில்தான் தூங்கினான். மூன்றாம் நாள்வரை மலம் கழிக்கவில்லை, அதுவும் மருந்தால் வருவதுதான். அப்புறம் வீக்கம் முட்டியிலிருந்து இறங்கிக் கணுக்காலில் தொளதொளவென்று தங்கியது. முட்டியில் ஆபரேஷன் செய்தால் கணுக்கால் ஏன் வீங்குகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. நீர் கீழ்நோக்கித்தானே இறங்கும், சில நாளில் தானாக வற்றிவிடும் என்றார்கள். வற்றியது.

ஐஸ் ஒத்தடம் முதல் சில நாள் தினமும் மூன்று நான்கு வேளை, துணியில் சுற்றி, ஒவ்வொரு தடவையும் 10 நிமிஷம். வீக்கம் வடிந்த பிறகு வெதுவெதுப்பான ஒத்தடத்துக்கு மாறினோம்.

அவன் காலை ஊன்றத் தொடங்கியதை நான் தரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெளியே போய்விட்டு வந்ததும் பாதங்களைக் கழுவிவிடுவேன். அந்த ஈரத்தோடு அவன் உள்ளே நடக்கும்போது மூன்று பாதங்களின் தடம் முழுசாகப் பதியும். நான்காவதன் இடத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் இரண்டு நகத்தின் நுனி. பிறகு விரல்களின் மெத்தை. நடுவில் இருக்கிற பெரிய மெத்தையும் சேர்ந்து பதிந்த அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது கஷ்டமான பகுதி. மூன்றாவது வாரம் தொடங்கி ஆறாவது வாரம்வரை. தையல் பிரித்தாகிவிட்டது, முடி வளர ஆரம்பித்துவிட்டது, வால் ஆடுகிறது, வாசல் மணி அடித்தால் துள்ளிக் குதிக்கப் பார்க்கிறான். பார்ப்பவர்கள் எல்லோரும் "நன்றாகத்தானே இருக்கிறான், பாவம் எதற்குக் கட்டிவைக்கிறாய்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிடும், ஆனாலும் சொல்லுங்கள். ஒரு தடவை சோபாவிலிருந்து குதித்தால் ஸ்க்ரூ தளரலாம், எலும்பு விரிசல் விடலாம், மறுபடியும் ஆபரேஷன் மேசைக்குப் போக வேண்டி வரலாம். நாங்கள் ஒரு சின்ன அறையைக் காலி செய்து, தரை முழுக்க வழுக்காத விரிப்பு போட்டு, கதவில் தடுப்பு வைத்தோம். வாசல் மணியைக் கழற்றியே வைத்துவிட்டோம். விருந்தாளிகளை வர வேண்டாம் என்றோம். எனக்கு இதில் துளியும் சங்கடம் இல்லை.

நடை விஷயத்தில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மெதுவாக. டாக்டர் அனுமதித்த பிறகு, குட்டைப் பட்டையில் பிடித்து 5 நிமிஷம், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி. வேகமாகப் போனால் நாய் மூன்று காலில் தத்தித் தத்தி ஓடிவிடும், நான்காவது காலுக்கு வேலையே இருக்காது. நாம் ஆமை நடை நடந்தால் நான்கு காலையும் ஒவ்வொன்றாக ஊன்றியே ஆகவேண்டும். தூரத்தை விட இதுதான் தசையை மீட்டது.

ஜிம்மி அப்பா:

அக்கா, கருப்பன் தேறிவிட்டான் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். எங்கள் ஜிம்மி ராட்வீலர், வீட்டில் நான் ஒருவன்தான். அதனால் தூக்குவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வயிற்றுக்கு அடியில், பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், அகலமான துண்டு ஒன்றைக் கொடுத்து இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்தேன். அவனைத் தூக்குவதற்கு இல்லை அது. கால் வழுக்கினால் தாங்குவதற்கு. முழு எடையையும் நாம் சுமந்தால் நம் இடுப்பு போய்விடும், அவனும் காலை ஊன்றப் பழக மாட்டான். ஆண் நாய் என்றால் துண்டு சிறுநீர் போகும் இடத்தை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கென்றே பிடி வைத்துத் தைத்த பட்டைகளும் கிடைக்கின்றன.

வீட்டுத் தரை வழவழப்பாக இருந்தால் விரிப்பு மட்டும் போதாது. விரல் மெத்தைகளுக்கு நடுவில் வளர்ந்திருக்கிற முடியை வெட்டுங்கள், நகத்தையும் வெட்டுங்கள். இந்தச் சின்ன வேலைக்குப் பிறகு ஜிம்மியின் நடையில் இருந்த பயம் பாதி குறைந்தது.

கழுத்தில் மாட்டுகிற கோனைத் தையல் பிரிக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள்வரை, கழற்றவே வேண்டாம். நாய் தையலை நக்க ஒரு நிமிஷம் போதும். நக்கினால் கிருமி உள்ளே போகும். உள்ளே இரும்பு இருக்கிற இடத்தில் கிருமி குடியேறினால், எலும்பு கூடிய பிறகு பிளேட்டையே எடுக்க வேண்டிய நிலைகூட வரும்.

பப்பு வீட்டு அம்மா:

பப்பு சின்ன நாய், வயசும் ஆகிவிட்டது. அவளுக்கு எலும்பை அறுக்கவில்லை. முட்டிக்கு வெளிப்பக்கமாகக் கெட்டியான நைலான் இழையைக் கட்டி மூட்டை நிலைப்படுத்தினார்கள். காலப்போக்கில் அந்த இழை தளர்ந்தாலும் அதற்குள் சுற்றிலும் உடம்பே தழும்புத் திசுவை வளர்த்துக்கொண்டு மூட்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் திசு உருவாகும்வரை ஆட்டம் பாட்டம் கூடாது. ஆகவே அடைத்துவைப்பதில் எங்களுக்கும் சலுகை கிடையாது.

எங்கள் பிரச்சினை வேறு. பப்புவை அடக்கிவைப்பது சிரமமாக இல்லை, அவளை நடக்கவைப்பதுதான் சிரமம். மூன்று காலில் வாழப் பழகிவிட்டாள், தொடை சூம்பிப்போனது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொடுத்தார். பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு கை முட்டிக்கு மேலே, ஒரு கை கணுக்காலில். மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும், சைக்கிள் மிதிக்கிற மாதிரி. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாலோ உடம்பை இறுக்கிக்கொண்டாலோ அந்த இடத்தோடு நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் தள்ளக் கூடாது. ஒரு வேளைக்கு பத்துப் பதினைந்து தடவை. முதலில் என் கை நடுங்கியது. பிறகு அவளே அந்த நேரத்துக்கு வந்து பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.

புண் முழுசாக ஆறின பிறகு தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் வலிக்குமோ என்ற பயமில்லாமல் காலை ஊன்றினாள். தண்ணீரில் ஊன்றியதுதான் தரையிலும் தொடர்ந்தது. இரண்டு தொடையின் சுற்றளவையும் அளவு நாடாவால் அளந்து நோட்டில் குறித்துவந்தோம். தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நோட்டில் தெரிந்தது, அந்த எண்கள் தந்த தெம்பு கொஞ்சநஞ்சமில்லை.

அடைந்து கிடக்கிற நாய்க்கு மனசுக்கும் வேலை கொடுங்கள். தீனியைத் துணிச் சுருட்டுகளுக்குள் ஒளித்துவைத்து மோந்து கண்டுபிடிக்கவிடுங்கள். படுத்த இடத்திலேயே செய்யலாம், கால்மணி நேரத்தில் களைத்துத் தூங்கிவிடும்.

மணி அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மணிக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆகிறது. நேற்றுவரை நன்றாக நடந்தவன் இன்று காலையிலிருந்து பாதத்தைக் கீழே வைக்கவே மாட்டேன் என்கிறான். வீட்டில் எங்களுக்குத் தலைவலிக்கு வாங்கின மாத்திரை இருக்கிறது, பாதி கொடுத்துப் பார்க்கலாமா?

கருப்பன் அம்மா:

தம்பி, கொடுக்கவே கொடுக்காதே! இபுபுரூபன், பாரசிட்டமால் மாதிரி நாம் சாப்பிடுகிறவை நாய்களுக்கு நஞ்சாக முடியலாம். வயிற்றில் புண், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதாவது என்று போய்விடும். டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

தேறிக்கொண்டு வந்த நாய் திடீரென்று காலைத் தூக்கினால் காத்திருந்து பார்க்கிற விஷயமில்லை. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போ. போகும் முன் தையல் இருந்த இடம் சூடாக, சிவப்பாக இருக்கிறதா, நீரோ சீழோ கசிகிறதா என்று பார். காய்ச்சல் பார்க்கத் தெரிந்தால் பார், நாய்க்கு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இயல்பு. நடக்கும்போது முட்டியில் "டக்" என்று சத்தம் வந்தால் அதையும் சொல். ஆபரேஷனின்போது நன்றாக இருந்த ஜவ்வு பிறகு கிழிவதும் உண்டு.

மணி அண்ணன்:

போய்வந்தோம் அக்கா. எக்ஸ்ரேயில் பிளேட்டும் எலும்பும் அப்படியே இருக்கின்றன. தையல் இருந்த இடத்தில் கிருமித் தொற்று ஆரம்பித்திருக்கிறது. ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார்கள், நடுவில் நிறுத்தாமல் முழுசாகக் கொடுக்கச் சொன்னார்கள். சாயங்காலம் இரண்டு தடவை பாதத்தை ஊன்றினான். எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

ஜிம்மி அப்பா:

நல்ல சேதி தம்பி. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு கால் லிகமென்ட் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மற்றக் காலிலும் பிற்பாடு அறுகிறது. ஜிம்மிக்கும் அப்படித்தான் ஆனது. இரண்டாவது தடவை டாக்டர் என்னிடம் முதலில் பேசியது எடையைப் பற்றித்தான். அசைவு குறைகிற காலத்தில் பழைய அளவிலேயே சாப்பாடு போட்டால், ஆறிவருகிற முட்டியும் நல்ல முட்டியும் சேர்ந்து அந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. அளவுக் கோப்பையை விட்டுவிட்டுத் தராசில் நிறுத்துப் போட ஆரம்பித்தேன், தின்பண்டத்தையும் அந்தக் கணக்கிலேயே கழித்தேன். கையால் தடவினால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். இரண்டாவது கால் முதல் காலை விடச் சுலபமாகத் தேறியது. அவன் மெலிந்திருந்ததுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கருப்பன் அம்மா:

கருப்பனை எப்போது ஓடவிடப் போகிறேன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்காக நாளைக்கே பந்து எறியப் போவதில்லை. எலும்பு கூடிவிட்டது, தசை இன்னும் வரவில்லை. பட்டையிலேயே நீண்ட நடை, லேசான மேடு ஏறி இறங்குவது, தாழ்வான கட்டைகளைத் தாண்டி நடப்பது என்று போகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டை இல்லாமல் ஓட்டம் எல்லாம் சரியாகப் போனால் நாலு முதல் ஆறு மாதத்துக்குள். அதுவும் முதலில் நேர்ப்பாதையில், பந்து இல்லாமல், வேறு நாய் இல்லாமல். சட்டென்று திரும்புகிற விளையாட்டுகள் கடைசியில்தான்.

பப்பு அம்மா, தொடையை எந்த இடத்தில் அளக்கிறீர்கள் என்று முடிந்தால் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் அளந்தால்தானே கணக்கு சரியாக வரும். நாளையிலிருந்து நானும் ஆரம்பிக்கிறேன்.