கட்டத்துக்குள் அமராத இலக்கங்கள்: 24 ஊசி அச்சுப்பொறியில் எழுத்திடைவெளி

லெபோ பாசார் எழுத்தர் (பினாங்கு):
வணக்கம். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பாரம் (படிவம்) மூன்று படி கார்பன் தாளில் முன்பே அச்சிடப்பட்டு வருகிறது. ஊசி அழுத்தினால்தான் அடிப்படியிலும் எழுத்து விழும் என்பதால் எப்சன் எல்கியூ-310 என்ற 24 ஊசி அச்சுப்பொறியை வைத்திருக்கிறோம். ஐசி (அடையாள அட்டை) எண்ணுக்கு 12 கட்டங்கள், பெயருக்கு 25 கட்டங்கள், ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் அகலம். வேர்டில் எழுத்திடைவெளியைக் கூட்டினால் முதல் சில எழுத்துகள் நடுவில் அமர்கின்றன. போகப்போக நகர்ந்து, பெயரின் கடைசியில் கோட்டின் மேலேயே ஏறிவிடுகின்றன. கையேட்டில் உள்ள இடைவெளிக் கட்டளையை வேர்ட் கோப்பிலேயே சேர்த்துப் பார்த்தும் பயனில்லை. உறுப்பினர்களில் பலர் வயதானவர்கள். ஓர் இலக்கம் கோட்டில் மறைந்தாலும் அவர்களைத் திரும்ப வரச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழி தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

செந்தூல் பழுதுபார்ப்பாளர் (கோலாலம்பூர்):
ஐயா, வேர்டில் இருந்து விண்டோஸ் டிரைவர் வழியாகப் போகும் பக்கம் பெரும்பாலும் படமாக மாறித்தான் அச்சுப்பொறியை அடைகிறது. அதனால் கட்டளை அங்கே கட்டளையாகப் போய்ச் சேர்வதில்லை. 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரையோ, கோப்பை மாற்றமின்றி அப்படியே அனுப்பும் நிரலையோ பயன்படுத்துங்கள். கீழே வரும் எண்கள் தட்டச்சு செய்யும் இலக்கங்கள் அல்ல, எழுத்துக் குறியீடுகள்; 27 என்பது கட்டளை தொடங்குவதைக் காட்டும் எஸ்கேப் (ESC) குறியீடு. முதலில் 27, 64 அனுப்பினால் பழைய அமைப்புகள் நீங்கும். அடுத்து 27, 120, 1 என்பது தரமான எழுத்துக்கு, 27, 80 என்பது அங்குலத்துக்குப் பத்து எழுத்துக்கு. அதன் பிறகு 27, 32, 17 அனுப்புங்கள். கடைசி எண்தான் கூடுதல் இடைவெளி. தரமான எழுத்தில் அது அங்குலத்தின் 180-இல் ஒரு பங்காகவும், டிராஃப்டில் (வேகமான வரைவு அச்சில்) 120-இல் ஒரு பங்காகவும் எண்ணப்படும். டிராஃப்டில் இவ்வளவு நுட்பமாகச் சரிசெய்ய முடியாது என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. வரி முடிந்ததும் 27, 32, 0 அனுப்ப மறவாதீர்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் முகவரியும் அகன்றே விழும்.

நிரல் எழுதுபவர் (பிரிக்ஃபீல்ட்ஸ்):
அண்ணன் சொன்னது ஐசி எண்ணுக்குப் போதும், பெயருக்குப் போதாது. 17 வைத்தால் ஓர் எழுத்துக்கு 4.94 மி.மீ. கிடைக்கிறது; கட்டத்துக்கு 0.06 மி.மீ. குறைவு. பன்னிரண்டாவது இலக்கத்தில் இது 0.67 மி.மீ. ஆகிறது, கண்ணுக்கு உறுத்தாது. இருபத்தைந்தாவது எழுத்தில் ஏறத்தாழ 1.5 மி.மீ. இடப்பக்கம் சேர்ந்துவிடும், எழுத்துக்கு இருபுறமும் உள்ள வெற்றிடமே 1.2 மி.மீ. அளவுதான். 18 வைத்தால் வலப்பக்கம் இன்னும் அதிகமாக விலகும். எந்த எண்ணை வைத்தாலும் பிழை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும் என்பதுதான் இங்கே சிக்கல்.

ஆகவே பெயருக்கு இடைவெளியைக் கூட்டாமல், ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் இடத்தையே சொல்லிவிடுங்கள். 27, 36 என்ற கட்டளை, இடது ஓரத்திலிருந்து அங்குலத்தின் 60-இல் ஒரு பங்கு அலகில் அச்சுத் தலையைக் கொண்டு நிறுத்தும். 5 மி.மீ. என்பது 11.81 அலகு, எனவே கட்டங்களின் இடங்கள் 0, 12, 24, 35, 47, 59 என்று போகும். பிழை எந்தக் கட்டத்திலும் கால் மில்லிமீட்டரைத் தாண்டாது, அடுத்த கட்டத்துக்கும் தொற்றாது. இடத்தை எப்போதும் இரண்டு எண்களாகவே அனுப்ப வேண்டும்: 255 வரை இரண்டாவது எண் 0, எனவே இரண்டாவது கட்டத்துக்கு 27, 36, 12, 0. அதற்கு மேல் 256-ஐக் கழித்த மீதி முதல் எண், இரண்டாவது 1: கடைசிக் கட்டம் 283 என்பதால் 27, 36, 27, 1 என்று அனுப்புங்கள். முதல் கட்டம் ஓரத்திலிருந்து தள்ளி இருந்தால் அந்தத் தொலைவை எல்லாவற்றோடும் கூட்டிக்கொள்ளுங்கள்.

லெபோ பாசார் எழுத்தர்:
மிக்க நன்றி. ஒற்றைத் தாளில் எழுத்துகள் கட்டத்துக்குள் அமர்ந்துவிட்டன. ஆனால் பாரம் மாறும்போது வரி முழுவதும் சற்று விலகுகிறது. பெயரைத் தமிழில் எழுத வேண்டிய வரியும் ஒன்று உண்டு.

செந்தூல் பழுதுபார்ப்பாளர்:
வரி முழுவதும் ஒரே அளவு விலகினால் குறை தாள் ஊட்டத்தில் இருக்கிறது, இடைவெளியில் இல்லை. தனித்தாளைக் கையால் செருகும்போது இடம் மாறும். ஓரத்துளை உள்ள தொடர்தாளாகப் பாரத்தை அச்சிட்டு வாங்கினால் பற்சக்கரம் அதை ஒரே இடத்தில் பிடித்துக்கொள்ளும். தமிழ் எழுத்துரு இந்தப் பொறிக்குள் இல்லை. அந்த வரியைப் படமாகத்தான் அனுப்ப வேண்டும், எழுத்திடைவெளியையும் கூட்டாதீர்கள். சில மென்பொருள்களில் 'கொ' என்பதன் கொம்பும் காலும் ககரத்தை விட்டுத் தனித்தனியே பிரிந்து நிற்கும்.