கொரோனாக் காலத்து அரசாங்கம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அனுபவங்கள்

கல்லடியான்:
2020 மார்ச் 17ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ டீ.வி.யில் வந்து, பருப்பு கிலோ 65 ரூபாய், டின்மீன் 100 ரூபாய் என்று அறிவித்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். விடிந்து கடைக்குப் போனால், பருப்புச் சாக்கைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார் முதலாளி. “மகன், நான் எடுத்ததே இதைவிடக் கூட. 65க்கு வித்தா மிச்சத்தை ஆர் தாறது?” என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 20ஆம் திகதி பின்னேரம் ஊரடங்கும் வந்தது. அப்புறம் தெரிந்த ஆட்களுக்குப் பின்கதவால் பருப்பு கிடைத்தது. அந்தக் கட்டுப்பாட்டு விலையைப் பிறகு அரசாங்கமே எடுத்துவிட்டது.

ஆனால் பூட்டச் சொன்னால் பூட்டத் தெரிந்த அரசாங்கம்தான். 2020 செப்டெம்பர் முடியும்வரை நாடு முழுக்க 13 மரணம். எங்கள் மாவட்டத்துப் புணாணையில் தனிமைப்படுத்தல் நிலையம் வந்தபோது நாங்கள் எல்லோரும் கத்தினோம். கடைசியில் அது ஒழுங்காகத்தான் நடந்தது.

வாவிக்கரை:
பூட்டியது சரி. பூட்டிய வீட்டுக்குள் இருப்பவன் என்ன தின்பான்? ஏப்ரலிலும் மே மாதத்திலும் அரசாங்கம் நிவாரணமாகக் கொடுத்த ஐயாயிரம் ரூபாயைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விதானையார், அதாவது கிராம சேவகர், பாலர் பாடசாலை விறாந்தையில் பெரிய சீ.ஆர். கொப்பியோடு இருந்தார். சமுர்த்தி என்ற அரச உதவி எடுப்பவர்கள், முதியோர் கொடுப்பனவு எடுப்பவர்கள் பெயர் ஏற்கெனவே இருந்ததால் சிக்கல் இல்லை. நாள்கூலிக்குப் போகிறவர்களை அந்த மனுசன் முகத்தைப் பார்த்தே எழுதினார், ஏனென்றால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் நின்ற அக்காவுக்குத்தான் இல்லை என்றார்கள். அவருடைய புருசன் கத்தாரில். “வெளிநாட்டில ஆள் இருக்கு” என்று மேலே இருந்து வந்த விதி. கொம்பனி மூடி, அங்கே அவருக்கே சாப்பாட்டுக்குக் கஷ்டம், மாதக்கணக்கில் ஒரு சதம் அனுப்பவில்லை. அக்கா போனில் இருந்த மெசேஜைக் காட்டினார். விதானையார் வாசித்தார், நெற்றியைத் தடவினார், “தங்கச்சி, எனக்கு விளங்குது, ஆனா நான் எழுதினாலும் மேலே வெட்டுவாங்க” என்றார். தெரிந்தவன் கையில் பேனை இருந்தது, அதிகாரம் இருக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் கோபம் அதில்தான்.

ஒலுவில் மீனவன்:
எங்களுக்கு அடி ஒக்டோபரில். கொழும்புப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் தொற்று என்று மூடினார்கள், லொறி போகவில்லை, மீன் விலை விழுந்தது. ஊரில்கூட மீன் சாப்பிடப் பயந்தார்கள். மீனால் பரவாது என்று சுகாதாரப் பகுதியினர் முதல் நாளே ஓங்கிச் சொல்லியிருக்க வேண்டும். நவம்பரில் முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆராச்சி ஊடகச் சந்திப்பில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. அந்த மாதம் முடியமுன் அக்கரைப்பற்றுச் சந்தையிலும் தொற்று வந்து, எங்கள் பக்கமும் பூட்டு.

ஓட்டமாவடிப் பிள்ளை:
மீனாவது பிறகு விலைப்பட்டது. எங்கள் ஜனாஸாக்கள், இறந்தவர்களின் உடல்கள்? புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரலில் எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி போட்டார்கள். நிலத்தடி நீர் கெட்டுவிடுமாம். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. பிறந்து இருபது நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரி 25இல்தான் அனுமதி வந்தது, மார்ச் 5இல் இருந்து எங்கள் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம். ஆரம்பத்தில் நாட்டின் எந்த மூலையில் கொரோனாவால் மௌத்தானாலும், புதைப்பதென்றால் இராணுவத்தின் மேற்பார்வையில் இங்கேதான் கொண்டுவர வேண்டியிருந்தது. கொழும்பில் இருந்து இரவெல்லாம் வாகனத்தில் வந்த குடும்பம் ஒன்று எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டது. வந்தவர்களில் ஓரிருவருக்குத்தான் உள்ளே போக அனுமதி. தாய் எங்கள் திண்ணையிலேயே இருந்துவிட்டார். 3,600க்கு மேற்பட்டவர்கள் இங்கே கிடக்கிறார்கள், எல்லோரும் முஸ்லிம்களும் இல்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. கேட்கட்டும். எரிக்கும் முடிவுக்குக் கையெழுத்து வைத்த நிபுணர்கள் எந்த அடிப்படையில் வைத்தார்கள் என்பதையும் எழுத்தில் தரட்டும்.

வாவிக்கரை:
தம்பி சொல்வது நியாயம். எங்கள் ஆட்களிலும் புதைக்கிற வழக்கம் உள்ளவர்கள் எத்தனை பேர், அப்போது வாய் திறந்தவர்கள் குறைவு.

பட்டியல் விசயத்துக்கு வந்தால், 2023இல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோதும் அதே சண்டைதான், பிரதேச செயலகங்களில் மேன்முறையீட்டுக்கு வரிசை. நோய் வந்த பிறகு கொப்பி தூக்காமல், வருசத்துக்கு ஒருமுறை விதானையும் குடும்பநல மாதுவும் சேர்ந்து பட்டியலைத் திருத்தட்டும், அவர்கள் எழுதியதை மேலே வெட்டுவதென்றால் காரணம் எழுதி வெட்டட்டும்.