மறு: உப்பில் இறுகிய மஞ்சள்கருவுக்கு ஒரு சொல்

வணக்கம். முட்டையின் மஞ்சள்கருவை உப்பில் புதைத்து இறுகவைக்கும் பண்டத்துக்கு (ஆங்கிலத்தில் cured egg yolk) தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் நீங்கள் எழுதியது இது:

> ‘பதனிட்ட மஞ்சள்கரு’ என்றே வைத்துவிடலாம், சுருக்கமாகவும் இருக்கிறது.

வேலூரில் இருந்துகொண்டு இதற்கு என்னால் சரி சொல்ல முடியவில்லை, ஐயா. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பதனிடுவது என்றால் தோல்தான். அதிலும் பச்சைத் தோல் அழுகாமலிருக்க முதலில் உப்பு போட்டு வைப்பார்கள். பதனிடும் வேலை அதற்கு அப்புறம். மஞ்சள்கருவுக்கு நடப்பது அந்த முதல் வேலை மட்டுமே.

‘ஊறிய கரு’ என்று வைக்கலாமா என்றால், அதுவும் ஒட்டவில்லை. செய்முறையைப் பாருங்கள். தூள் உப்பையும் சர்க்கரையையும் ஏறக்குறைய சமமாகக் கலந்து தட்டில் விரல் மொத்தத்துக்குப் பரப்பி, கரண்டியின் பின்புறத்தால் குழி அழுத்தி, மஞ்சள்கருவை உடையாமல் ஒவ்வொன்றாக இறக்குகிறோம். மேலேயும் அதே கலவையைப் போட்டு மூடி, ஃபிரிட்ஜில் 4 முதல் 7 நாள். மஞ்சள்கருவில் பாதி தண்ணீர்தான். உப்பும் சர்க்கரையும் அதை வெளியே இழுக்க, சுற்றிலும் உப்பு ஈரமாகிக் கட்டிப்போகும். தோண்டி எடுத்தால் கரு ஆரஞ்சு மிட்டாய் போல வெளிச்சம் புகும்படி இறுகியிருக்கும். ஓரம் கெட்டி, நடுவில் அழுத்தினால் சற்றே பிசுபிசுப்பு. கழுவித் துடைத்து ஓவனில் குறைந்த சூட்டில் உலர்த்திவிட்டால் கேரட் துருவியிலேயே துருவலாம்.

ஆக, இங்கே தண்ணீர் வெளியேறுகிறது. சீனர்கள் வாத்து முட்டையை ஓட்டோடு உப்புநீரில் வாரக்கணக்கில் போட்டு வைக்கிறார்களே, ‘ஊறிய’ என்பதை அதற்கு வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் சமையல் குறிப்பைப் படிப்பவர்தான் திண்டாடுவார்.

உப்பு போட்டு, நீர் வற்றவைத்து, உலர்த்தி எடுக்கும் பண்டத்துக்கு நம் வீடுகளில் வற்றல் என்றுதானே பெயர்? மோர் மிளகாய், சுண்டைக்காய் எல்லாம் அந்த வகைதான். உப்புக்கண்டம் நெருங்கி வருகிறது. ஆனால் கண்டம் என்பது துண்டு, இதுவோ முழுக் கரு. அதனால் என் பரிந்துரை ‘மஞ்சள்கரு வற்றல்’. ‘கருவற்றல்’ என்று சுருக்க வேண்டாம், கறுப்பு வற்றல் என்றுதான் காதில் விழும். உலர்த்துவதற்கு முந்திய பிசுபிசுப்பான நிலைக்கு ‘உப்புக்கரு’ போதும்.

ஒரு கவலை உண்டு. வற்றல் என்றதும் எங்கள் ஊரில் மொட்டை மாடிதான் நினைவுக்கு வரும். அக்னி நட்சத்திர வெயிலில் எது வேண்டுமானாலும் காயும் என்றாலும், இது வேகாத முட்டை. சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பற்றிய பயம் இருக்கிறது. ஆகவே ‘குளிர்பெட்டியில் உப்பிட்டு, அடுப்புச் சூட்டில் உலர்த்துவது, வெயிலில் வைப்பதில்லை’ என்பது வரையறைக்குள்ளேயே வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொல் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு குறிப்பு: ‘சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, மஞ்சள்கரு வற்றலை மேலே துருவி, மிளகுத்தூள் தூவவும். வேறு உப்பு சேர்க்க வேண்டாம்.’ எங்காவது தடுக்கினால் எழுதுங்கள்.