விழுந்தவன் எப்படி சோபாவில் உட்கார்ந்தான்?

விளம்பரத் துறையைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'மேட் மென்' (2007–2015), அதன் டைட்டில் காட்சி பற்றி எழுதுகிறேன். கடைசி ஷாட்டில் மாட்டிக்கொண்டேன்.

நிழலுருவ மனிதன் அலுவலகத்தில் பெட்டியை வைக்கிறான், அறை சரிகிறது. விஸ்கி கோப்பை, பெண்ணின் கால், குடும்பப் படம் என்று விளம்பரங்கள் மின்னும் வானுயர் கட்டடங்களுக்கு நடுவே விழுகிறான். தான் விற்கும் கனவுகளுக்குள்ளேயே விழுகிறான், சரி. ஆனால் தரையில் மோதுவதே இல்லை! சட்டென்று முதுகு காட்டி, சிகரெட்டோடு சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறான்.

வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஒலியை நிறுத்தியும் பார்த்தேன். வடிவமைப்பாளர் சால் பாஸ் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்துக்குச் செய்த, சுழலுக்குள் மனிதன் விழும் போஸ்டரோடு ஒப்பிட்டதில் விழுவது புரிந்தது, உட்காருவது புரியவில்லை. அப்புறம் கவனித்தேன், முதல் எபிசோடிலும் தொடரின் நாயகனான விளம்பரக்காரன் டான் டிரேப்பர் அறிமுகமாவது முதுகு காட்டித்தான். கிடைத்த ஒரே பிடி அதுதான்.

அந்தக் கடைசி ஷாட், விழுந்ததெல்லாம் மனதுக்குள்தான் என்கிறதா, அல்லது விழுந்தபின் மாட்டிக்கொண்ட முகமூடியா?