இங்கிலாந்தில் சொலிசிட்டர் இல்லாமல் தாங்களே புரோபேட் (உயிலை நிறைவேற்ற நீதிமன்றம் தரும் அனுமதி) எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரவெட்டியான், ஹரோ

அப்பா 2024 செப்டம்பரில் காலமானார். உயிலில் என்னையும் கனடாவில் இருக்கும் அக்காவையும் எக்ஸிகியூட்டர்களாக, அதாவது உயிலை நிறைவேற்றுபவர்களாகப் போட்டிருந்தார். செத்த வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "தம்பி, லோயரிட்டக் குடுத்திடு, உன்னால ஏலாது" என்றுதான் சொன்னார்கள். ஒரு சொலிசிட்டரிடம் போய்க் கேட்டேன். மொத்தச் சொத்தில் இரண்டு வீதம், அதற்கு மேல் வற் வரி என்றார். வீடு 520,000 பவுண், சேமிப்பு 70,000. கணக்குப் பார்த்தால் பதினாலாயிரத்தைத் தாண்டியது. அப்பா வருசக்கணக்காக இரவு வேலை செய்து கட்டி முடித்த வீடு அது. நாமே செய்து பார்ப்போம் என்று அன்றே முடிவெடுத்தேன்.

மரணத்தைப் பதிந்த இடத்தில் அத்தாட்சிப் பத்திரம் ஒன்று 12.50 பவுண், ஆறு எடுத்தேன். பென்ஷன், பாஸ்போர்ட், லைசென்ஸ், கவுன்சில் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் அறிவிக்கும் அரசாங்கச் சேவை இருக்கிறது, அதற்கான இலக்கத்தைப் பதிவாளரே தருவார். மரணச் சடங்குச் செலவைக் கையிலிருந்து கட்டிவிட்டுத் தவிக்க வேண்டாம். பில்லை வங்கியில் கொடுத்தால், புரோபேட் வருமுன்பே அப்பாவின் கணக்கிலிருந்து நேரே கட்டிவிடுவார்கள். எனக்கு இது பிந்தித்தான் தெரிந்தது.

நான் அதிகம் பயந்தது வாரிசு வரிக்கு. ஒருவருக்கு 325,000 பவுண் வரை வரி இல்லை, மிச்சத்துக்கு நாற்பது வீதம். அம்மா 2019இலேயே போய்விட்டா. அவவின் பங்கு முழுக்க அப்பாவுக்குத்தான் வந்தது. அப்படி வந்தால் அம்மா பாவிக்காத 325,000உம் அப்பாவின் வரம்போடு சேர்ந்துகொள்ளும். ஆக 650,000. நாங்கள் அதற்குள் நின்றபடியால் ஐஎச்டி 400 என்ற பெரிய வாரிசு வரிப் படிவமே நிரப்ப வேண்டி வரவில்லை. விண்ணப்பத்தில் பெறுமதிகளைச் சொன்னால் போதும். ஆனால் இதை உறுதிப்படுத்த அம்மாவின் பழைய கடதாசிகளைத் தேடி எடுக்க ஒரு கிழமை போனது. விண்ணப்பம் நிரப்ப ஒரு பின்னேரம்தான் எடுத்தது.

அக்கா ரொறன்ரோவில் இருந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒப்பம் வைப்பது கரைச்சல். அவவுக்குக் கடிதம் மூலம் அறிவித்துவிட்டு, அவவின் உரிமையை ஒதுக்கி வைத்து நான் மட்டும் விண்ணப்பித்தேன். பிறகு தேவைப்பட்டால் அவவும் உள்ளே வரலாம், உரிமை போய்விடாது. கட்டணம் 300 பவுண். புரோபேட் பிரதி ஒன்று அப்போது 1.50.

இனி நான் விட்ட பிழை. உயில் மூன்று பக்கம். போட்டோகொப்பி எடுக்கும்போது பக்கங்கள் சரியாக விழவில்லை என்று மூலையில் இருந்த ஸ்டேபிள் கம்பியைக் கழற்றினேன். துருப்பிடித்த கம்பி, தாளில் இரண்டு பழுப்புத் துளை விட்டிருந்தது. கொப்பி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி அடித்தேன். அப்பாவின் கையெழுத்துக்கு மேலே இப்போது நான்கு துளைகள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, புரோபேட் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர்களுக்குத் தோன்றியது. இந்த உயிலோடு வேறு ஏதாவது தாள் இணைந்திருந்ததா, ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டு விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார்கள். நடந்ததை எழுதி, உண்மை என்று ஒப்பமிட்டு அனுப்பிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது. ஐந்து கிழமை அதிலேயே போனது. தயவுசெய்து மூல உயிலில் கம்பி, கிளிப், பின் எதையும் தொடாதீர்கள். கொப்பி வேண்டுமென்றால் போனில் படம் பிடியுங்கள்.

வீட்டு உறுதிப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் இன்னும் இருந்தது இன்னொரு சங்கதி. ஐந்து வருசமாக ஒருவரும் எடுக்கவில்லை. காணிப் பதிவகத்துக்கு டிஜேபி என்ற படிவமும் அம்மாவின் மரண அத்தாட்சிப் பத்திரமும் அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை. பெற்றோரில் ஒருவர் போயிருந்தால் இதை இப்போதே செய்து வையுங்கள்.

நெல்லைக்காரி, லெஸ்டர்

எனக்கு நடந்தது வேறு மாதிரி. நான் எக்ஸிகியூட்டராக இருந்தது பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டிக்கு. பன்னிரண்டு வருடப் பழக்கம். பொங்கலுக்கு என் வீட்டில்தான் சாப்பிடுவார். பிள்ளைகள் கிடையாது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் அண்ணன் மகளுக்கு ஒரு தொகை, மீதி எல்லாம் ஒரு பூனைக் காப்பகத்துக்கு என்று எழுதி, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் என் பெயரைப் போட்டார். சரி என்று தலையாட்டியபோது அதில் இவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்று தெரியாது.

முதல் வேலை காப்பீடு. ஆள் இல்லாத வீட்டுக்கு முப்பது நாளுக்கு மேல் பல பாலிசிகளின் காப்பு குறைந்துவிடும். நான் போன் செய்து சொன்ன பிறகு, வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும், குழாய்த் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். காலியாகக் கிடக்கும் வரை கவுன்சில் வரி கிடையாது. புரோபேட் வந்த பிறகும் ஆறு மாதம் வரை அந்த விலக்கு உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.

அலமாரியில் துண்டுகளுக்கு நடுவே ஒரு பாஸ்புக் கிடைத்தது. நீல அட்டை, ஓரம் நைந்துபோயிருந்தது. உள்ளே 18,000 பவுண்டு. பாட்டி, வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட் வாங்கியவர். அதில் 10,000க்கு மேலுள்ள சேமிப்பில் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் இருப்பதாகக் கணக்கு வைப்பார்கள். அதாவது வாரம் 16 பவுண்டு கூடுதலாக வாங்கியிருக்கிறார். ஏமாற்றும் மனசு அவருக்குக் கிடையாது, மறந்தே போயிருப்பார். புரோபேட் கிடைத்த சில வாரங்களில் ஓய்வூதியத் துறையிலிருந்து கடிதம் வந்தது, சொத்து விவரம் கேட்டு. கடைசியில் மூவாயிரத்துக்கும் மேல் திருப்பிக் கட்டினேன். நல்லவேளை, அதற்குள் யாருக்கும் பங்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அந்தக் கடன் என் தலையில்தான் விழுந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், கெசட் என்ற அரசிதழிலும் உள்ளூர்ப் பேப்பரிலும் அறிவிப்புக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் பொறுங்கள். 1925ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டத்தின் 27ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அது. பிறகு தெரியாத கடன்காரர் யாராவது வந்தாலும் நம் சொந்தப் பணத்தைத் தொட முடியாது. தங்கள் சொந்த அப்பா அம்மா விஷயம் என்றால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நான் விட்டிருந்தால் தூங்கியிருக்க மாட்டேன்.

பூனைக் காப்பகம் முழுக் கணக்கும் கேட்டது. மிச்சச் சொத்து யாருக்கோ அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. தனி எக்ஸிகியூட்டர் கணக்கு திறந்து, ஒவ்வொரு பென்னியையும் அதன் வழியாகவே விட்டதால் ஒரு சனிக்கிழமையில் கணக்கை எழுதி முடித்தேன். குலுக்கலில் பரிசு விழும் அரசுச் சேமிப்பான பிரீமியம் பாண்டுகளை அவசரப்பட்டு எடுக்கவில்லை, இறந்த பிறகும் 12 மாதம் குலுக்கலில் இருக்கும் என்பதால். இருபத்தைந்து பவுண்டு விழுந்தது. பூனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டி கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கும்பகோணத்தான், பர்மிங்காம்

எல்லோராலும் முடியும் என்று படித்துவிட்டு யாரும் கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். என் மாமனாருக்கு இரண்டு திருமணம். இரண்டாவது மனைவி உயிரோடு இருக்கும்வரை வீட்டில் குடியிருக்கலாம், அதன்பின் முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கு என்று உயில். நான் எக்ஸிகியூட்டர். காரை விற்று, இரண்டு கணக்குகளை மூடிய பிறகுதான் இது நமக்கு ஆகாது என்று புரிந்தது. விலகலாம் என்று பார்த்தால், சொத்தில் கைவைத்து வேலையைத் தொடங்கியவர் விலக முடியாது என்றார்கள். விலக நினைப்பவர் எதையும் தொடுவதற்கு முன்பே விலகிவிட வேண்டும்.

அத்தைக்கு, அதாவது அந்த இரண்டாவது மனைவிக்கு, தனக்குப் போதிய ஏற்பாடு இல்லை என்று மனக்குறை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, புரோபேட் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். அதுவரை எதையும் பிரிக்கவில்லை. ஒரு வக்கீலை அமர்த்தினேன், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. வீட்டில் குடியிருக்கும் உரிமை பற்றிய டிரஸ்ட் பகுதிக்கு மட்டும் நிலையான கட்டணம் பேசினேன். புரோபேட் விண்ணப்பம், வங்கிகள், வருமான வரி எல்லாம் நானே பார்த்தேன். இப்படிப் பிரித்தும் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அத்தை வழக்குப் போடவில்லை. ஏழாவது மாதம் போன் செய்து, வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது, யார் பார்ப்பது என்று கேட்டார். அதிலிருந்து பேச்சு தொடங்கியது.

சுன்னாகம், ஈஸ்ட்ஹாம்

கரவெட்டியான் அண்ணை, ஒரு கேள்வி. எங்கள் அம்மாவுக்கு இலங்கையில், ஊரில் ஒரு காணி இருக்கிறது. இங்கே எடுக்கிற புரோபேட் அதற்கும் செல்லுமா? அல்லது அதைச் சொல்லாமல் விடலாமா?

கரவெட்டியான், ஹரோ

விட வேண்டாம் தங்கச்சி. இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்தவர் என்றால் ஊர்க் காணியின் பெறுமதியும் வரிக் கணக்கில் சேர வேண்டும். எங்களுக்கும் இரண்டு பரப்புக் காணி இருந்தது. வெளிநாட்டுச் சொத்து 100,000 பவுணுக்கு மேல் போனால்தான் அந்தப் பெரிய படிவத்துக்கு இழுக்கும், எங்களது அதற்குக் கிட்டவும் வரவில்லை. ஆனால் இங்கத்தைய புரோபேட்டை மட்டும் கொண்டுபோய் அங்கே காணியைப் பெயர் மாற்ற ஏலாது. அதற்கு அங்கத்தைய நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும், அங்கே ஒரு சட்டத்தரணி பிடித்திருக்கிறேன்.

முதலில் காணி உறுதிப் பத்திரத்தைத் தேடிப் பாருங்கோ. எங்களுடையது அப்பாவின் கோட்டுப் பையில், அம்மாவின் தாலிக்கொடி வாங்கிய பில்லோடு மடித்து இருந்தது. இலக்கம் அழியாமல் இருந்தால் மிச்சத்தை அதை வைத்துத் தேடலாம். உயிலை அனுப்பும்போது கம்பியைத் தொடாமல் அனுப்புங்கோ.