எஸ்எஸ்எச்: ‘பாதுகாப்பு ஓடு’ வேண்டாம், ‘அரண்வழி’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைவிலுள்ள கணினிக்குள் பத்திரமாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கு (செக்யூர் ஷெல்) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று வந்த இரண்டு மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> செக்யூர் ஷெல்தானே, ‘பாதுகாப்பு ஓடு’ என்று வைத்துவிடலாம். ஷெல்லுக்கு ஏற்கெனவே ‘ஓடு’ என்று எழுதிவருகிறோம்.

ஐயா, எஸ்எஸ்எச் ஒரு ஷெல்லே இல்லையே. பாஷ் ஒரு ஷெல். நாம் தரும் கட்டளையை வாங்கி இயக்குவது அது. அதன் வாசல்வரை நம்மைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடுவதுதான் எஸ்எஸ்எச்சின் வேலை. பெயரில் ‘ஷெல்’ வந்தது ஆர்எஸ்எச் என்ற பழைய கருவியின் வழியாக. தொலைக் கணினிக்குள் நுழைய டெல்நெட், ஆர்லாகின் என்ற கருவிகள் இருந்த காலத்தில் நாம் தட்டுவதெல்லாம், கடவுச்சொல் உட்பட, எந்த மறைப்பும் இல்லாமல் வலையில் போகும். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திரட்டியது தெரியவந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென், இந்தப் பழைய கருவிகளுக்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்எஸ்எச். கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவே காலியாக இருந்த 22-ஆம் போர்ட்டை (ஒரு சேவைக்கான வாசல் எண்ணை) அதற்குக் கேட்டு வாங்கினார்.

2006-ல் வந்த ஆர்எஃப்சி 4251 என்ற இணையத் தர ஆவணம் எஸ்எஸ்எச்சை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது: போக்குவரத்து, பயனர் சரிபார்ப்பு, இணைப்பு. ஷெல் வருவது மூன்றாவது அடுக்கில், அங்கே திறக்கக்கூடிய பல தடங்களில் ஒன்றாக. எஸ்எஃப்டிபியில் கோப்பு அனுப்புகிறோம், நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் நிரலை ஏற்றுகிறோம், வேறொரு சேவையின் தரவை இதற்குள் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் செய்கிறோம். இவையெல்லாம் எஸ்எஸ்எச் வழியாகப் போகக்கூடியவை. ஓட்டுக்கு அங்கே என்ன வேலை?

> ‘மறைவழி’ எப்படி? மறையாக்கம் என்ற சொல்லோடும் பொருந்தும்.

மறையாக்கத்தோடு (என்கிரிப்ஷன்) பொருந்தும்தான், ஆனால் “மறைவழியில் சர்வருக்குள் போனேன்” என்று சொல்லிப் பாருங்கள். திருட்டுத்தனமாக நுழைந்ததுபோல் காதில் விழுகிறது. இன்னொன்று, மறைப்பது அதன் வேலையில் ஒரு பகுதி மட்டுமே. வழியில் யாராவது ஒரு பிட்டை மாற்றினாலும் கண்டுபிடித்து இணைப்பைத் துண்டிக்கிறது. எதிரே இருப்பது நாம் தேடிப்போன கணினிதானா என்று பார்க்கிறது, வருவது யார் என்று அந்தக் கணினியும் பார்க்கிறது. இவ்வளவையும் ‘மறை’ தாங்காது.

ஆகவே என் முன்மொழிவு: அரண்வழி.

அரணுக்குக் குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இங்கே பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள், காதால் கேட்டால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ‘அரண்மனையில் வருமே, அந்த அரண்’ என்றதும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. சொல் மற்ற இடங்களிலும் தடங்கலில்லாமல் உட்காருகிறது: ‘அரண்வழியில் உள்ளே போய்ப் பார்’, ‘அரண்வழிச் சாவி’, ‘அரண்வழிக் கோப்புப் பரிமாற்றம்’. கட்டளையாகத் தட்டுவது எப்போதும்போல எஸ்எஸ்எச்தான், அதை யாரும் மாற்றப்போவதில்லை.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்டால், முதன்முறை ஒரு வழங்கியோடு (சர்வரோடு) இணையும்போது வரும் அந்தக் கேள்விதான் காரணம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “இந்த வழங்கி உண்மையானதுதானா என உறுதிசெய்ய முடியவில்லை. இதன் கைரேகை இது. இணைப்பைத் தொடரவா?” கைரேகை என்று அது காட்டுவது அந்த வழங்கிக்கே உரிய அடையாளக் குறி, எஸ்எச்ஏ256 என்ற முன்னொட்டுக்குப் பின் 43 எழுத்து. அதைப் படிக்காமலே எல்லாரும் ‘எஸ்’ (yes, ஆம்) என்று தட்டிவிடுகிறார்கள். ஏன் என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். “பேரிலேயே செக்யூர்னு இருக்கே அண்ணா” என்றாள். பெயர் அவளை அந்த அளவுக்கு நம்பவைத்திருக்கிறது!

காவல் இருப்பது வழிக்குத்தான். வழியின் மறுமுனையில் நிற்பது யார் என்று முதல் தடவை நாம்தான் பார்க்க வேண்டும். நடுவில் ஒருவன் புகுந்து தன் கணினியை வழங்கிபோல் காட்டினால், நாம் ‘எஸ்’ என்றதும் அவனோடுதான் அரண்வழி அமையும், அதுவும் முழு மறையாக்கத்தோடு. ‘பாதுகாப்பு ஓடு’ என்றால் அக்கரையில் இருக்கும் இயந்திரமும் பாதுகாப்பானது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ‘வழி’ என்றால், வழி எங்கே போகிறது என்ற கேள்வி தானாக வரும். அப்புறம் சொல்லிக்கொடுப்பது எளிது: வழங்கியைப் பராமரிப்பவரிடம் வேறு வழியில், போனிலாவது, கைரேகையைக் கேட்டு வாங்கு, அதையே அந்த இடத்தில் ஒட்டு. பரவலாகப் புழங்கும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சில், 2019-ல் வந்த 8.0 பதிப்பு முதல் ‘எஸ்’ தட்டுவதற்குப் பதில் கைரேகையையே ஒட்டலாம், பொருந்தினால்தான் இணைப்பு தொடரும். அருமையான வசதி, பலருக்குத் தெரியவே இல்லை.

‘விரல்ரேகை’ என்று மாற்றலாமா என ஒருவர் கேட்டிருந்தார். ரேஷன் கடையிலும் ஆதாரிலும் நாம் வைப்பது கைரேகைதான், அதுவே இருக்கட்டும்.

விபிஎன்னும் (மெய்நிகர் தனி வலையமைப்பும்) ஓர் அரண்வழிதானே என்ற மறுப்பு வலுவானது. பொதுவாக விபிஎன் கணினியின் போக்குவரத்தையே ஒரு வலையமைப்புக்குள் கொண்டுபோகிறது, எஸ்எஸ்எச் ஒரு குறிப்பிட்ட வழங்கியில் ஒரு குறிப்பிட்ட பயனராக நுழைய வைக்கிறது. ஆகவே விபிஎன்னுக்கு ‘வலை’ என்று முடியும் சொல்லாகப் பார்க்கலாம், ‘வழி’ இதற்கு இருக்கட்டும். டெல்லி நண்பர் ஒருவர் சொன்ன ‘காப்புவழி’யும் எனக்குச் சம்மதமே, ‘வழி’ போகாமல் இருந்தால் சரி.

எஸ்எஸ்எச் சாவி இரண்டு கோப்புகளாக இருக்கும், ஒன்று பிறருக்குத் தரக்கூடிய ‘பப்ளிக் கீ’, மற்றது யாருக்கும் தரக்கூடாத ரகசியக் கோப்பு. அந்த ‘பப்ளிக் கீ’யைப் பொதுச்சாவி என்பதில் எனக்குப் பெரிய தயக்கம் உண்டு. சாவி என்று கேட்டால் பிள்ளைகள் ரகசியக் கோப்பை வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.

அன்புடன்,
பெங்களூரிலிருந்து