ஆப் திறந்திருக்கும்போது நோட்டிஃபிகேஷன்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப்பில் வேலை செய்கிறேன். ஆண்ட்ராய்டில் வந்த முதல் புகாரே விநோதமாக இருந்தது. ஆப் மூடியிருந்தால் "வேன் அடுத்த ஸ்டாப்பில்" என்று நோட்டிஃபிகேஷன் வருகிறது. ஆப்பைத் திறந்து வைத்திருந்தால் ஒன்றுமே வருவதில்லை.

நோட்டிஃபிகேஷன் அனுப்ப நாங்கள் பயன்படுத்தும் கூகுளின் ஃபயர்பேஸ் சேவையின் இயல்பே அதுதான். மெசேஜில் 'நோட்டிஃபிகேஷன்' பகுதி இருந்தால், ஆப் பின்னணியில் இருக்கும்போது சிஸ்டமே எடுத்துக் காட்டிவிடும். ஆப் முன்னால் இருந்தால் நாம் எழுதிய புரோகிராம் கோடிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். காட்டுவது நம் பொறுப்பு. 'டேட்டா' மட்டும் அனுப்பினால் இரண்டு நிலையிலும் நம் கோடுக்கே வரும். அதற்கு மாறினோம். பிரயாரிட்டி 'ஹை' என்று வைத்தோம், இல்லையென்றால் ஆண்ட்ராய்டு 6-இல் வந்த டோஸ் என்ற பேட்டரி சேமிப்பு முறை மெசேஜைத் தாமதப்படுத்தும். வேன் போன பிறகு வந்து என்ன பயன்?

அப்புறம்தான் விஷயமே. ஆப் திறந்திருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. எந்தத் திரை திறந்திருக்கிறது என்பதுதான் மீதி. மேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அதே மேப்பை மறைத்துக்கொண்டு பேனர் இறங்கினால் எரிச்சல்தான். அவருக்கு மேப்பின் கீழே ஒரு வரி மாறினால் போதும். ஃபீஸ் ரசீது பார்த்துக்கொண்டிருப்பவருக்கு பேனர் வேண்டும். இதைப் போன்தான் தீர்மானிக்க வேண்டும், சர்வர் அல்ல. சிக்னல் போன போனைக்கூட சர்வர் கொஞ்ச நேரம் 'ஆன்லைன்' என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

பதில் 1

நல்ல பதிவு அண்ணா. ஆனால் ஐபோனில் டேட்டா மட்டும் என்ற வழியை நம்ப முடியாது. அங்கே சைலன்ட் புஷ் (திரையில் எதுவும் காட்டாமல் ஆப்புக்கு மட்டும் வரும் மெசேஜ்) எப்போது வரும் என்பது ஆப்பிளின் கையில். ஆப்பை மேலே தள்ளி மூடிவிட்டால் வரவே வராது. எங்கள் ஆப் மருந்துக் கடைகளுக்கானது. கவுன்டரில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் எல்லா ஆப்பையும் தள்ளி மூடுவார்கள், ஆர்டர் வந்ததே தெரியாது. கண்ணுக்குத் தெரியும் அலர்ட்டாகவே அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் சரியானது. ஆப் முன்னால் இருக்கும்போது அதை அடக்குவதற்கு 2016-இல் ஐஓஎஸ் 10-உடன் வந்த 'வில் பிரசன்ட்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. திரையைப் பார்த்து முடிவெடுக்கும் வேலையை அங்கே வைத்துவிடலாம்.

பதில் 2

ஃப்ளட்டர் (ஒரே கோடில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் எழுதும் கருவி) ஆட்கள் கவனிக்க: தட்டினால் எங்கே போகும் என்பதும் ஆப்பின் நிலையைப் பொறுத்ததே. பின்னணியில் இருந்தால் தட்டியது 'ஆன் மெசேஜ் ஓப்பன்ட் ஆப்' வழியாக நம் கோடுக்குத் தெரியும். முழுதாக மூடியிருந்தால் 'கெட் இனிஷியல் மெசேஜ்' வழியாக. இரண்டாவதைக் கையாளாவிட்டால் நோட்டிஃபிகேஷனைத் தட்டியவர் ஹோம் பக்கத்தில் போய் நிற்பார்.

இன்னொன்று. ஹை பிரயாரிட்டியில் அனுப்பிவிட்டு எதையும் காட்டாமலே இருந்தால், ஃபயர்பேஸ் அந்த ஆப்பின் மெசேஜ்களை நார்மலுக்கு இறக்கிவிடலாம். வேன் நகர்வதையெல்லாம் 'ஹை'யில் அனுப்பாதீர்கள், ஸ்டாப் நெருங்கும்போது மட்டும் போதும்.

டெஸ்ட் செய்யும்போது ஆப் முன்னால், ஹோம் அழுத்திய பின், ஸ்கிரீன் லாக்கில், தள்ளி மூடிய பின் என்று தனித்தனியாகப் பாருங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் தள்ளி மூடுவதே ஃபோர்ஸ் ஸ்டாப் (செட்டிங்கில் போய் ஆப்பை முழுதாக நிறுத்துவது) மாதிரி ஆகிவிடுகிறது. திரும்ப ஆப்பைத் திறக்கும் வரை எதுவும் வராது. பேட்டரி செட்டிங்கில் விலக்கு கொடுக்கச் சொல்லும் ஒரு திரையை முதல் லாகினிலேயே காட்டிவிடுங்கள்.